அடியில் ஏறும் குளிர்

வேலூரை வெயிலூர் என்று கேலியாகச் சொல்வது இந்தப் பக்கத்தில் பழைய வழக்கம். மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டுவது இயல்பாகிவிட்ட ஊருக்கு அந்தப் பெயர் பொருந்தவே செய்கிறது. ஆகவே அணைக்கட்டுக்காரனான நான் குளிர்கால மலை நடைக்கு எந்த உடையை எடுத்துச் செல்வது என்று ஒரு கட்டுரை எழுதப்போகிறேன் என்றபோது நண்பர்கள் சிரித்தார்கள். இமயமலைக்குப் போகிறவர்கள் எழுத வேண்டியதை நீ ஏன் எழுதுகிறாய் என்றார் ஒருவர். அவருக்கான பதிலாகவே இதை எழுதுகிறேன். குளிர் என்பது வெப்பமானியில் தெரியும் எண் மட்டும் அல்ல. நனைந்த உடல், காற்று, அசையாமல் இருக்க நேரும் நேரம் ஆகிய மூன்றும் சேரும் இடத்தில் 12 டிகிரியும் கடுங்குளிர்தான்.

அணைக்கட்டு வட்டத்தின் தெற்கெல்லையில் நிற்பது ஜவ்வாது மலை. மலையில் பிறந்து ஒடுகத்தூர் வழியாக வரும் உத்திரகாவேரி, மழைக்காலம் தவிர மற்ற நாட்களில் பெரும்பாலும் மணலாகவே கிடக்கும். ஒடுகத்தூரைத் தாண்டி மேலே ஏறினால் பீஞ்சமந்தை, பலாம்பட்டு, ஜார்த்தான்கொல்லை என்று மலையாளிப் பழங்குடியினர் வாழும் ஊராட்சிகள். சாமையும் புளியும் தேனும் அங்கிருந்து இறங்கி வருகின்றன; உப்பும் துணியும் மருந்தும் ஏறிப் போகின்றன. உயரே செல்லச் செல்ல ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் சுமார் ஆறரை டிகிரி வெப்பம் குறையும் என்பது பொதுக்கணக்கு. வேலூர் கடல்மட்டத்திலிருந்து 200 மீட்டரை ஒட்டிய உயரத்தில் இருக்கிறது. மலைக்கிராமங்கள் பலவும் அதைவிட 500, 600 மீட்டர் மேலே இருப்பவை. கணக்குப்படி நான்கு டிகிரி குறைந்தால் போதும். ஆனால் தை மாத இரவில் என் கையிலிருந்த சிறிய வெப்பமானி பல முறை 11, 12 என்று காட்டியிருக்கிறது.

இதற்குக் காரணம் வானம். மேகமில்லாத இரவில் நிலம் தன் வெப்பத்தை நேராக வானத்துக்குக் கொடுத்துவிடுகிறது. நிலத்தை ஒட்டிய காற்று குளிர்ந்து, கனத்து, தண்ணீர் போலப் பள்ளங்களை நோக்கி இறங்கித் தேங்குகிறது. அதில் இருக்கும் ஈரம் பனியாகப் படிகிறது. தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்ற பழமொழியை நம் கிழவிகள் வீணாகச் சொல்லவில்லை. இந்த மலையின் இன்னொரு பக்கத்தில், இன்று திருப்பத்தூர் மாவட்டத்தில் இருக்கும் காவலூரில், 1968இல் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியுடன் வானாய்வகம் தொடங்கப்பட்டது, 1986இல் 2.3 மீட்டர் தொலைநோக்கியும் வந்து, அந்த ஆய்வகம் வைணு பாப்புவின் பெயரைப் பெற்றது. வானியலாளர்கள் தேடி வந்த அதே தெளிந்த வானம்தான் கூடாரத்தில் படுப்பவனை நடுங்க வைப்பதும். தொலைநோக்கிக் கூண்டுக்குள் கணப்பு வைக்கமாட்டார்கள். சூடான காற்று அலைந்தால் விண்மீனின் பிம்பம் கலங்கிவிடும். வெட்டவெளியின் குளிரிலேயே இரவு முழுவதும் வேலை பார்க்க வேண்டியிருந்தது. மலை ஏறுகிறவனைவிட அசையாமல் அமர்ந்திருப்பவனுக்கே உடை அதிகம் தேவை என்பதற்கு அவர்களைவிட நல்ல சாட்சி கிடையாது.

இதை எண்ணில் சொல்லலாம். சும்மா அமர்ந்திருக்கும் மனித உடல் ஏறக்குறைய 100 வாட் வெப்பத்தை வெளியிடுகிறது. பழைய குண்டு பல்பு ஒன்றின் அளவு. சுமையோடு மலையேறும்போது அது மூன்று, நான்கு மடங்காகிறது. ஆகவே ஏறும்போது மெல்லிய சட்டையே போதும், அதுகூட அதிகம். நின்ற பத்தாவது நிமிடத்தில் நிலைமை தலைகீழாகிறது. உடலின் அடுப்பு தணிந்துவிட்டது, ஆனால் சட்டை வியர்வையில் ஊறியிருக்கிறது. ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறக்குறைய 2,400 ஜூல் வெப்பம் வேண்டும். சட்டையில் 100 கிராம் வியர்வை இருந்து, அது முழுவதும் உடல் சூட்டில்தான் உலர வேண்டும் என்றால், சும்மா இருக்கும் உடல் 40 நிமிடத்தில் உண்டாக்கும் வெப்பம் மொத்தமும் அதற்கே போய்விடும். 100 கிராம் என்பது அரை தம்ளர் நீர். பருத்திச் சட்டை அதைச் சிரமமில்லாமல் குடித்து வைத்துக்கொள்ளும்.

நாம் பருத்தி நாட்டினர். வெயிலூரில் பருத்தியைவிட நல்ல துணி கிடையாது. வியர்வையை வாங்கி, மெதுவாக உலர்ந்து, உடலைக் குளிர்விப்பதுதான் அதன் வேலை. மலையின் மேல், சூரியன் மறைந்த பிறகும் அது அதே வேலையைத்தான் செய்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தை மாதத்தில் எங்களோடு வந்த நண்பர், தடித்த பருத்தி பனியன் மேல் தலைமூடி வைத்த பருத்தி ஸ்வெட்ஷர்ட் அணிந்திருந்தார். ஏறும்போது அவர்தான் முன்னே போனார். இரவு எட்டு மணிக்குப் பட்டா நிலத்தில், அந்த வீட்டாரின் அனுமதியோடு கூடாரம் அடித்தபோது, அவரால் கயிற்றை முடிச்சிட முடியவில்லை. விரல்கள் சொன்னபடி கேட்கவில்லை. பேச்சு சற்றுக் குழறியது. வெப்பமானி அப்போது 14 டிகிரி காட்டியது. ஈரத்துணிகளைக் கழற்றி, உலர்ந்ததை உடுத்தி, வெல்லம் போட்ட சூடான சுக்குக் காப்பி கொடுத்து, ஒரு மணி நேரம் கழித்துத்தான் அவர் பழையபடி ஆனார். பனி பெய்யும் நாட்டில்தான் உடல் வெப்பம் இழந்து மனிதர்கள் சாவார்கள் என்று நினைப்பது தவறு. ஈரமும் காற்றும் களைப்பும் சேர்ந்தால் 14 டிகிரியும் ஆபத்தே.

வெப்பத்தைக் காப்பது துணி அல்ல, துணியில் சிறைப்பட்ட காற்று. அசையாத காற்றைவிட நீர் இருபது மடங்குக்கும் மேல் வெப்பத்தைக் கடத்தும். ஆகவே உடையின் வேலை இரண்டு: காற்றைப் பிடித்து அசையாமல் வைத்திருப்பது, அந்தக் காற்றின் இடத்தில் நீர் புகாமல் பார்த்துக்கொள்வது. ஒரே கனத்த உடையைவிட மெல்லிய மூன்று உடைகள் மேல் என்று சொல்வதன் காரணமும் இதுதான். இடையிடையே காற்று நிற்கும். ஏறும்போது ஒவ்வொன்றாகக் கழற்றலாம், நிற்கும்போது ஒவ்வொன்றாக அணியலாம்.

எங்கள் தோல் பூமியில் இதற்கு ஒரு வேடிக்கையான உதாரணம் உண்டு. ஆம்பூரிலும் பேரணாம்பட்டிலும் வாணியம்பாடியிலும் இராணிப்பேட்டையிலும் தோல் பதனிடப்படுகிறது. அங்கே ஆட்டுத்தோலுக்கு நடக்கும் முதல் வேலைகளில் ஒன்று சுண்ணாம்பும் சோடியம் சல்ஃபைடும் கொண்டு மயிரை நீக்குவது. ஆட்டைக் குளிரிலிருந்து காத்தது அந்த மயிருக்கிடையே நின்ற காற்று. தோல் காற்றைத் தடுத்தது, அவ்வளவுதான். நாம் தடுப்பை வைத்துக்கொண்டு காப்பைக் கழித்துவிடுகிறோம். ஆகவே தோல் ஜெர்க்கின் மோட்டார் சைக்கிளில் போகிறவருக்கு நல்லது. எதிர்காற்றை மறிக்கும், விழுந்தால் தோலைக் காக்கும். நடப்பவருக்கு அது சுமை. ஒன்றரை, இரண்டு கிலோ எடையும், நனைந்தால் எளிதில் உலராத பிடிவாதமும் கொண்டது. இத்தனை ஜெர்க்கின்களும் காலணிகளும் உருவாகும் பகுதியிலிருந்து மலைக்குப் போகிறவன் அவற்றில் ஒன்றையும் மேலுடையாகக் கொண்டு போக முடிவதில்லை.

நம்மிடம் இருந்த பழைய பதில் கம்பளி. ஆடு வளர்ப்பதும் கம்பளி நெய்வதும் வட தமிழகத்துக் குறும்பர்களின் பரம்பரைத் தொழில். தமிழ்நாட்டுச் செம்மறியாடுகளில் பல இனங்களுக்குக் கம்பளிக்கு ஏற்ற மயிர் கிடையாது. மேச்சேரி ஆட்டையும் சென்னைச் சிவப்பு ஆட்டையும் இறைச்சிக்கும் தோலுக்குமே வளர்க்கிறார்கள். திருச்சி கருங்குறும்பை போன்ற சில இனங்கள்தான் முரட்டுக் கம்பளி தருகின்றன. அந்தக் கறுப்புக் கம்பளி குத்தும், கனக்கும், ஆட்டு வாடை போகாது. ஆனால் அதைப் போர்த்தியவன் தூறலில் நின்றாலும் நடுங்கமாட்டான். சாதாரண ஈரப்பதத்திலேயே பருத்தி தன் எடையில் சுமார் 8 சதவீதமும் கம்பளி சுமார் 16 சதவீதமும் நீரை உள்ளே வைத்திருக்கின்றன. பாலியெஸ்டர் அரை சதவீதத்துக்கும் குறைவு. கம்பளி அந்த நீரை இழைக்குள் மறைத்துக்கொள்கிறது, வாங்கும்போது சிறிது வெப்பத்தையும் வெளிவிடுகிறது, நனைந்த பிறகும் சுருண்ட இழைகள் காற்றை விடாமல் பிடித்திருக்கின்றன. எடை ஒன்றுதான் அதன் குறை. ஆட்டோடு நடக்கும் மேய்ப்பனுக்கு அந்தக் கம்பளி கூடாரமும் படுக்கையும் குடையும் சேர்ந்த ஒன்று. ஆகவே அவனுக்கு அது கனமில்லை.

இன்னொரு பதிலும் நம் இலக்கியத்திலேயே இருக்கிறது. நெடுநல்வாடையைப் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். தொடக்கத்தில் மழையில் நனைந்த இடையர்கள் கொள்ளி நெருப்பைச் சுற்றிக் கன்னம் நடுங்க நிற்கிறார்கள். பாட்டு அரண்மனைக்குள் நுழைந்ததும், அரசியின் கட்டிலில் அன்னத்தின் தூவியால் ஆன படுக்கையை நக்கீரர் காட்டுகிறார். ஒரே வாடைக்காற்று, இரண்டு வெப்பக்காப்புகள். இன்று டௌன் ஜாக்கெட் என்று விற்கப்படுவது அந்தத் தூவிதான். அன்னத்துக்குப் பதிலாக வாத்து. 1922இல் எவரெஸ்டுக்குப் போன ஜார்ஜ் ஃபின்ச், பலூன் துணிக்குள் தூவியை அடைத்துத் தைத்த அங்கியோடு வந்தார். பட்டும் கம்பளியும் கபர்டீனும் அடுக்கடுக்காக அணிவதே அக்காலத்து மலையேறிகளின் மரபு. 1999இல் கண்டெடுக்கப்பட்ட மல்லோரியின் உடலிலும் அந்த அடுக்குகள் இருந்தன. அமெரிக்காவில் எடி பாயர், நனைந்த உடையோடு குளிரில் உயிர் போகும் நிலைக்குச் சென்று மீண்ட பிறகு, தூவி அடைத்த சட்டையை 1936இல் உருவாக்கி 1940இல் காப்புரிமை பெற்றார். எடைக்கு எடை பார்த்தால் தூவியை மிஞ்சிய காப்பு இன்றுவரை அரிது; 300 கிராம் ஜாக்கெட் இமயத்தின் வறண்ட குளிருக்குப் போதுமானது. ஆனால் தூவி நனைந்தால் ஒட்டிப்போகும். காற்று நிற்க இடமிருக்காது. மாசிப்பனி சொட்டும் ஜவ்வாது மலையில் அதற்குச் செலவழிப்பது அவசியமில்லை என்பது என் எண்ணம்.

எங்கள் மலைக்குப் பொருந்தியது அடக்கமான ஃப்ளீஸ். அமெரிக்காவின் மால்டன் மில்ஸ் ஆலை 1979இல் உருவாக்கிய இந்தப் பாலியெஸ்டர் துணி, ஆட்டு மயிரின் இயல்பை ஆடு இல்லாமல் பின்பற்றுகிறது. நீரை உறிஞ்சாது, பிழிந்து உதறினால் உடல் சூட்டிலேயே உலர்ந்துவிடும். 1993இலிருந்து பழைய பிளாஸ்டிக் பாட்டில்களை உருக்கியும் இதை நெய்கிறார்கள். குறையில்லாத பொருள் என்று சொல்ல வரவில்லை. ஒவ்வொரு முறை துவைக்கும்போதும் கண்ணுக்குத் தெரியாத இழைகள் நீரில் கலக்கின்றன. தோல் கழிவு பாலாற்றை என்ன செய்தது என்று 1996இல் உச்ச நீதிமன்றம் வரை சென்று வழக்காடிய மாவட்டத்துக்காரர்கள் நாம். எந்த உடையும் ஏதோ ஒரு ஆற்றின் கணக்கில்தான் எழுதப்படுகிறது என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒன்று வாங்கி, பத்தாண்டு உடுத்தி, குறைவாகத் துவைப்பதே நம்மால் முடிந்த நியாயம்.

என் பையில் இருப்பவை இவை. உடலை ஒட்டி, மெல்லிய பாலியெஸ்டர் பனியன் ஒன்று. அதன் மேல் 200 கிராமை ஒட்டிய எடையுள்ள மெல்லிய ஃப்ளீஸ். காற்றைத் தடுக்க, கைக்குள் அடங்கும் விண்ட்சீட்டர். காற்று வீசும்போது ஃப்ளீஸ் மட்டும் அணிவது சன்னலைத் திறந்து வைத்துவிட்டுப் போர்வையைத் தேடுவது போல. இவை மூன்றும் நடைக்கு. நான்காவதாக, செயற்கைப் பஞ்சு அடைத்த ஜாக்கெட் ஒன்று பிளாஸ்டிக் பையில் கட்டப்பட்டு அடியில் இருக்கும். நடக்கும்போது அதை எடுப்பதே இல்லை. நின்ற பிறகு, வியர்த்த பனியனை மாற்றிய பிறகு, அதுதான் வெளியே வரும். பிறகு ஒரு குல்லா, உலர்ந்த காலுறை. படுக்க, ஆம்பூரில் காலணிப் பொருட்கள் விற்கும் கடையில் அளந்து வாங்கிய ஈவிஏ ஷீட். செருப்பின் அடிப்பாகத்துக்காக வரும் அந்த நுரைத்தகடு நீர் குடிக்காது, எடையில்லை, விலையும் குறைவு. மேலே எத்தனை போர்த்தினாலும் அடியில் ஒன்றுமில்லாவிட்டால் நிலம் சூட்டை உறிஞ்சிவிடும். கூடாரத்தைப் பள்ளத்தில் அடிக்காமல், குளிர்காற்று தேங்கும் மட்டத்துக்குச் சற்று மேலே சரிவில் அடிப்பது செலவில்லாத இன்னொரு உடை.

இவ்வளவையும் நூல்களிலிருந்தும் நடையிலிருந்தும் தெரிந்துகொண்டேன். ஆனால் வெப்பக்காப்பைப் பற்றி நான் கேட்ட மிகச் சிறந்த வாக்கியம் ஒரு மலையாளிப் பெரியவரிடமிருந்து வந்தது.

ஒரு தை மாத விடியலுக்கு முன் நாங்கள் ஒற்றையடிப்பாதையில் ஏறிக்கொண்டிருந்தோம். எதிரே டார்ச் வெளிச்சங்கள் இறங்கி வந்தன. மூங்கிலில் கட்டிய டோலியில் ஒரு மூதாட்டியைச் சுமந்து வந்தார்கள். முன்னால் இருவர், பின்னால் இருவர், மாற்றிக்கொள்ள நால்வர். இரண்டு நாளாகக் காய்ச்சல், இப்போது மூச்சும் வாங்குகிறது, கீழே வண்டி வரும் இடம்வரை கொண்டுபோக வேண்டும் என்றார்கள். சுமந்தவர்களின் வெற்று முதுகில் வியர்வை மின்னியது. மூதாட்டியோ பற்கள் அடித்துக்கொள்ள நடுங்கிக்கொண்டிருந்தார். ஒரே பாதை, ஒரே காற்று. ஒருவருக்கு 400 வாட், ஒருவருக்கு நூறுகூட இல்லை.

நான் பையின் அடியிலிருந்து அந்த நான்காவது ஜாக்கெட்டை எடுத்து அவர் மேல் போர்த்தப் போனேன். பெரியவர் கையைத் தடுத்தார்.

"மேல போத்தினு என்னா பிரயோசனம் சார்? தொங்கினு போற ஒடம்புக்கு அடியிலதான் குளிரு ஏறும். அடியில வையுங்க."

அவர் ஏற்கெனவே ஒரு கோணிப்பையில் காய்ந்த சாமைத்தாளை அடைத்து, டோலித் துணிக்கும் மூதாட்டியின் முதுகுக்கும் இடையே வைத்திருந்தார். வழியில் பனியில் உரசி ஒரு பக்கம் நனைந்திருந்தது. டோலியை இறக்கிவைத்து, அந்தப் பக்கத்துத் தாளை வெளியே உதறிவிட்டு, எங்கள் ஈவிஏ ஷீட்டை மடித்துச் செருகினோம். பிறகு அவரே சொன்னபடி, ஜாக்கெட்டை நெஞ்சில் போர்த்தி, அதன் மேல் விண்ட்சீட்டரால் சுற்றிக் கட்டினோம். மொத்தமும் பத்து நிமிடம். அவர்கள் இறங்கிப் போனார்கள்.

மலையேறும் உபகரணங்களை விற்பவர்கள், தொங்கு படுக்கையில் உறங்குபவர்களுக்கென்று அடிப்போர்வை என்று ஒன்றைத் தனியாக விற்கிறார்கள். உடலின் எடையில் நசுங்கும் பஞ்சில் காற்று நிற்காது, ஆகவே படுப்பவருக்குக் கீழே நசுங்காத காப்பு வேண்டும் என்பது அதன் தத்துவம். பெரியவர் அதைச் சாமைத்தாளில் செய்திருந்தார். தாள் உள்ளே குழலானது, விறைப்பானது, எளிதில் நசுங்காது. தூவியைவிடக் கனம், ஆனால் அந்த இடத்தில் தூவியைவிடச் சரியான பொருள்.

அந்தப் பகுதிகளில் சாலை என்பது இன்னும் முடிந்த கதை அல்ல. 2023 மே மாதத்தில் அணைக்கட்டை ஒட்டிய அல்லேரி மலையில் பாம்பு கடித்து ஒன்றரை வயதுக் குழந்தை ஒன்று இறந்ததும், வண்டி செல்லப் பாதையில்லாமல் தாய் அந்த உடலைச் சுமந்தபடி மலையேறி நடக்க நேர்ந்ததும் நாடறிந்த செய்தி. கோடையில் நடந்தது அது. அங்கே குறை குளிர் அல்ல, தொலைவு. ஆனால் அதே தொலைவு தை மாத இரவில் குளிராகவும் மாறுகிறது. சாலைக்கு எந்த ஜாக்கெட்டும் மாற்றாகாது. சாலை வரும்வரை சுமப்பவர்கள் இருக்கிறார்கள், சுமக்கப்படுபவர்களும் இருக்கிறார்கள்.

இப்போது யாராவது என்னிடம் எதை வாங்கலாம் என்று கேட்டால், முதலில் எத்தனை கிராம், எந்தத் துணி என்று சொல்வதில்லை. நடப்பவருக்கு எதுவும் போதும், நடக்க முடியாதவருக்கு என்ன கொண்டுபோகிறீர்கள் என்று கேட்கிறேன். காலை மடக்கிக்கொண்ட நண்பராக இருக்கலாம், வழியில் எதிர்ப்படும் டோலியாக இருக்கலாம், நாமாகவே இருக்கலாம். பிளாஸ்டிக் பையில் கட்டி, நடை முழுவதும் பிரிக்காமல் சுமந்து, பல முறை பிரிக்காமலேயே வீட்டுக்குக் கொண்டுவரும் அந்த 400 கிராமை எடைக்கணக்கில் குறைத்துவிடலாமே என்று எல்லோருக்கும் தோன்றும். மற்ற எதையும் குறையுங்கள்.

அந்த மூதாட்டிக்கு என்ன ஆயிற்று என்பதையும் சொல்ல வேண்டும். மூன்று வாரம் கழித்து ஒடுகத்தூர்ச் சந்தைக்கு வந்த பெரியவர், துவைத்து மடித்த ஜாக்கெட்டையும் ஒரு படி சாமையையும் எனக்குத் தெரிந்த கடையில் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அம்மா வீடு திரும்பிவிட்டார் என்று சொல்லச் சொன்னாராம். ஈவிஏ ஷீட்டைத் திருப்பித் தரவில்லை. அது ஊரில் டோலியோடு கட்டி வைக்கப்பட்டிருக்கிறது என்று கடைக்காரர் சொன்னார்.